கிரேன் தூக்கினால் சுரக்கும் வயிறு

என் வயிறு என் பேச்சைக் கேட்டதில்லை. பெண்டாட்டி பேச்சையும் கேட்டதில்லை. அந்த விஷயத்தில் அது என்னைப்போல. துறைமுகத்து கிரேன் பேச்சை மட்டும் பதினான்கு வருஷம் கேட்டது. அதை நிரூபிக்க, ராயபுரத்துப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் மூக்கில் ரப்பர் குழாயோடு நான் இரண்டு நாள் காலையில் உட்கார வேண்டியிருந்தது.

அறுபதுகளின் கடைசி. நான் கிரேன் டிரைவர். தகரக் கூண்டு, இரண்டு லீவர், ஒரு முக்காலி. இரும்பு ஏணியில் ஏறினால் ஷிப்ட் முடிந்துதான் இறங்குவேன். சாப்பாட்டு நேரத்துக்கு மாற்று ஆள் உண்டு என்று நோட்டீஸ் போர்டில் எழுதியிருந்தது. நோட்டீஸ் போர்டு வந்து லீவர் இழுக்குமா? வெளியே நங்கூரம் போட்டு நாலு கப்பல் காத்திருக்கும்போது எவன் வயிற்றுக்காகக் கிரேனை நிறுத்துவார்கள்? அதனால் சாப்பாடு மேலே வரும். கீழே இருக்கிறவன் கேரியரைக் கயிற்றில் கட்டிவிடுவான், நான் இழுத்துக்கொள்வேன்.

கப்பலின் அடிவயிற்றில் ஆட்கள் மூட்டைகளைக் கயிற்று வலையில் அடுக்குவார்கள். அந்த வலைக்கட்டுக்குப் பெயர் ஸ்லிங். ஒரு ஸ்லிங்கைத் தூக்கிக் கரையில் இறக்கிவிட்டால், அடுத்தது அடுக்கி முடிகிறவரை என் கை சும்மா. அதற்குள் இரண்டு வாய். கீழேயிருந்து கை ஆட்டினால், வாயில் இருப்பதை அப்படியே முழுங்கிவிட்டு லீவர். மறுபடி இரண்டு வாய். துறைமுகத்தில் எல்லா டிரைவரும் இப்படித்தான். ஒரு வேளைச் சோறு இரண்டு மணி நேரம் ஓடும். “உன் லீவரை மோந்து பாத்தாலே இன்னிக்கு இன்னா கொயம்புன்னு சொல்லிடலாம் மாமு” என்பான் அடுத்த ஷிப்டுக்கு வருகிறவன்.

ஷிப்டும் ஒழுங்கில்லை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. மூன்று வாரத்தில் மூன்று விதமாகப் பசிக்கப் பழக வேண்டும். பழகுவதற்குள் வாரம் மாறிவிடும். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, முகத்துக்கு ஐம்பது.

வலி நெஞ்சுக்குழிக்குக் கீழே வந்தது. அணைக்காத பீடியை யாரோ உள்ளே வைத்துவிட்டுப் போன மாதிரி. சாப்பிட்டால் அடங்கும். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்ப வரும். ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில் வெள்ளை மருந்து கொடுத்தார்கள். சுண்ணாம்பு அடிக்கிற தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம், அதற்கு மூடி இருந்தது. ஆறு பாட்டில் குடித்தும் பீடி அணையவில்லை. ஒரு நாள் தூக்கிய ஸ்லிங்கை அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டுக் கூண்டுக்குள் சுருண்டு படுத்தேன். கீழே மேஸ்திரி என் வம்சத்தையே வாழ்த்தினார்.

அதன் பிறகுதான் ராயபுரத்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். என்னைவிடச் சின்ன வயசு. எப்போது பார்த்தாலும் தூங்காத கண்.

“சுரக்கிற ஆசிட் எவ்வளவுன்னு அளந்து பாக்கணும்” என்றார். “ரொம்ப அதிகமா இருந்தா ஆபரேஷன். வயித்துல பாதியை எடுத்துடுவோம்.”

“எடுத்தப்புறம் கிரேன் ஏறலாமா?”

“ஏணி, உயரம் எல்லாத்தையும் மறந்துடுங்க.”

வயிற்றில் பாதி போவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. முழுசாக வைத்திருந்து என்ன சுகத்தைக் கண்டேன்? கிரேன் போவதுதான் உறைத்தது. தரையில் நான் யார் வேண்டுமானாலும் அதட்டக்கூடிய ஆள். உயரமும் ஐந்தடி மூன்றங்குலம்தான். கூண்டில் உட்கார்ந்தால் கீழே இருக்கிற அத்தனை பேரும் அண்ணாந்து என் கையைப் பார்ப்பார்கள், மேஸ்திரி உட்பட. உலகத்தில் எனக்கிருந்த ஒரே மரியாதை அந்த ஏணியின் உச்சியில் இருந்தது.

ஆகவே ஆசிட் குறைவாகக் காட்ட வேண்டும். கூட்டாளிகள் கூடி ஆலோசித்தார்கள். வெற்றிலைச் சுண்ணாம்பை முழுங்கிவிட்டுப் போ என்றான் ஒருவன். “மனசு பேஜாராவாம பாத்துக்கோ நைனா. மனசு கொதிச்சா வயிறும் கொதிக்கும்” என்றான் இன்னொருவன். சுண்ணாம்புக்குத் தைரியம் வராததால் இரண்டாவது யோசனையை எடுத்துக்கொண்டேன்.

வெறும் வயிற்றோடு காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். மூன்றாவது மாடி வார்டு. லேப்காரர் ஒரு நாற்காலியைக் காட்டினார். நான் ஜன்னலைப் பார்த்தேன். தூரத்தில் கப்பல்கள் கட்டி நிற்கும் வார்ஃப், என் கிரேன்கள் வரிசையாக. மனசு ஆறுவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

“அண்ணே, ஜன்னலாண்ட ஒக்காந்துக்கறேனே. கொஞ்சம் காத்து வரும்.”

“எங்க வேணா ஒக்காரு. கொயாய இஸ்துடாத, அது போதும்.”

மூக்கு வழியாகக் குழாய் இறங்கியது. அதைப் பற்றி எழுதி உங்கள் சாப்பாட்டைக் கெடுக்க மாட்டேன். பிறகு உப்பில்லாத ஒரு கஞ்சி. அதற்குப் பின் கால் மணிக்கு ஒருமுறை குழாயில் ஊசியைச் செருகிக் கொஞ்சம் சாறு உறிஞ்சிக் கண்ணாடிக் குழலில் ஊற்றி வைத்தார். எச்சிலைக்கூட முழுங்கக் கூடாது, கிண்ணத்தில் துப்ப வேண்டும். நான் மனசை ஏரித் தண்ணீர்போல் வைத்துக்கொண்டு கிரேனைப் பார்த்திருந்தேன். மூன்றாம் நம்பர் கிரேன் கோதுமை இறக்கிக்கொண்டிருந்தது. எச்சில் மட்டும் ஊறி ஊறி வந்தது. இரண்டு கிண்ணம் மாற்றினார்கள்.

மறுநாள் டாக்டரம்மா ஒரு வரைபடத்தை நீட்டிப் பிடித்து என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

“திருட்டுத்தனமா ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“மாதா சத்தியமா இல்ல டாக்டரம்மா.”

“கஞ்சி குடிச்சா ஆசிட் ஏறி, அப்புறம் இறங்கணும். உங்களுக்கு ஏறிக்கிட்டே போயிருக்கு. ஆனா பத்து மணிக்கு மேல திடீர்னு விழுந்திருக்கு. பத்து மணிக்கு என்ன ஆச்சு?”

யோசித்தேன். “டீ டைம்.”

“டீ குடிச்சீங்களா?”

“நான் இல்ல டாக்டரம்மா. கப்பல்ல மூட்டை அடுக்கறவங்க. அவங்க மொத்தமா டீக்குப் போனா கிரேன் நின்னுடும்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கேள்விமேல் கேள்வி. கூண்டு, கேரியர், ஸ்லிங், இரண்டு வாய் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்லவே எனக்கும் புரிந்தது. ஆறுதலுக்காக ஜன்னலோரம் கேட்டு வாங்கியவன், அங்கே ஒவ்வொரு ஸ்லிங் மேலே போகும்போதும் உள்ளுக்குள் இரண்டு வாய் சோற்றுக்கு இலை போட்டிருக்கிறான். இப்படி ஒரு முட்டாளைத் துறைமுகத்தில்தான் வளர்க்க முடியும்.

“நாளைக்கு மறுபடி எடுப்போம். சுவத்தைப் பாத்து உக்காருங்க.”

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பல்லி ஒன்று இருந்தது. அது எதையும் தூக்கவில்லை. ஆசிட் கொஞ்சம் ஏறி, ஒழுங்காக இறங்கியது.

“ஆபரேஷன் வேண்டாம்” என்றார். நான் எழுந்து கும்பிடப் போனேன். “உக்காருங்க, இன்னும் முடியல.”

காகிதத்தில் ஒரு பை வரைந்தார். வயிறாம். “ஸ்லிங் ஏறறதைக் கண்ணு பாக்குது, சோறு வரப்போகுதுன்னு மூளை நரம்பு வழியா வயித்துக்குச் சொல்லுது. அது முதல் மணி. சோறு உள்ள விழுந்ததும் வயித்தோட அடிச்சுவர் ஒரு சரக்கை ரத்தத்துல விடும். காஸ்ட்ரின்னு பேரு. அது உடம்பெல்லாம் சுத்திட்டுத் திரும்ப வயித்துக்கே வந்து, ஆசிட் ஊத்துன்னு சொல்லும்.”

“அடிச்சுவரு மேல்சுவருக்குச் சொல்றதுக்கு ஊரெல்லாம் சுத்தணுமா?”

“ஆமா.”

“எங்க ஆபீஸ் கடுதாசி மாதிரி.”

முதல்முறையாகச் சிரித்தார். “புளிப்பு ஏறிட்டா காஸ்ட்ரின் தானா அடங்கும். சோறு குடலுக்கு இறங்கினதும் அங்கேருந்து வேற தூது கிளம்பும். செக்ரிட்டின்னு ஒண்ணு கணையத்துக்குப் போய், புளிப்பை முறிக்கிற தண்ணியை அனுப்பச் சொல்லும். எண்ணெய், கொழுப்பு வந்தா பித்தப்பைக்கு ஒரு தூது, வயித்துக்கு ஒரு தூது, மெதுவாப் போன்னு. ஏத்தறதுக்கு ஒரு ஆள், நிறுத்தறதுக்கு ஒரு ஆள். உங்க வயித்துல நிறுத்தற ஆளுக்கு வேலை செய்ய நேரமே கொடுக்கல. ரெண்டு வாய் விழுது, மணி அடிக்குது. அடங்கறதுக்குள்ள அடுத்த ரெண்டு வாய். ரெண்டு மணி நேரம் ஆசிட் மழை. வயிறு ஒழுங்காத்தான் இருக்கு. கிரேன்தான் உங்க வியாதி.”

ஆபரேஷன் செய்தால் கிரேன் போய்விடும் என்று பயந்து பரீட்சைக்குப் போனேன். பாஸ் செய்தேன். பாஸ் செய்ததால் கிரேன் போனது. தரையில் வேலை கொடுக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தை நான் ஆபீசில் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏணி ஏறினேன். கூண்டில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுப் பார்த்தேன். கீழே இருந்தவன் கிரேன் தூங்கிவிட்டது என்று கத்தினான். ஷிப்ட் முடிந்ததும் சாப்பிடலாம் என்று காலி வயிற்றோடு இருந்தேன். அப்போதும் ஸ்லிங் தூக்கினால் சுரந்தது, விழுவதற்குச் சோறுதான் இல்லை. மூன்று வாரம். ஒரு நாள் என் மனைவி சட்டையைத் துவைக்க எடுத்தாள்.

“இன்னாய்யா இது?”

“ஆஸ்பத்திரி சீட்டு.”

“அது தெரியுது. பக்கத்து வூட்டு டீச்சராண்ட படிச்சிக் கேட்டுக்கினுதான் வரேன். இது எதுக்கு உன் பாக்கெட்ல கீது?”

நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயைத் திறந்தேன்.

“ஜோக்கு சொல்லாத. மேல ஏறி, ரத்தமா கக்கி, அந்தப் பொட்டிலயே செத்துக் கெடந்தா, உன்னை எறக்கறதுக்கு இன்னொரு கிரேனு இஸ்துகினு வரணும். அத்த நான் கீய நின்னு பாக்கணுமா?”

அவள் அழவில்லை. சட்டையைப் பிழிந்தாள். அவ்வளவு நேரம் எந்தச் சட்டையையும் பிழிந்து நான் பார்த்ததில்லை. மறுநாள் கடிதத்தைக் கொடுத்தேன்.

பசிக்கே ஒரு தூதன் உண்டு என்று வெகு காலம் கழித்துப் பத்திரிகையில் படித்தேன். கிரெலின். வழக்கமாகச் சாப்பிடுகிற நேரம் நெருங்கினால் தானாக ஏறுமாம். எனக்கு எது வழக்கம் என்று பாவம் அது யாரைக் கேட்டிருக்கும்? போதும் என்று சொல்கிற தூதர்களும் உண்டாம். மூளைக்குச் சேதி எட்டக் கொஞ்ச நேரம் பிடிக்குமாம். என் பதினான்கு வருஷத்தில் அவர்கள் வழியிலேயே திரும்பிப் போயிருப்பார்கள்.

தரையில் முதல் நாள் மதியச் சங்கு ஊதியதும் ஷெட்டுக்குள் கோணிக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து கேரியரைத் திறந்தேன். சுறாப் புட்டு வைத்திருந்தாள். கிரேனுக்கு முதுகு காட்டி, ஒவ்வொரு வாயையும் மென்று சாப்பிட்டேன். நடுவில் யாரும் கை ஆட்டவில்லை. அதுவே என்னவோபோல் இருந்தது. கடைசியில் கொஞ்சம் சோறு மிச்சமானது. எனக்குச் சோறு மிச்சமாகும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கையைக் கழுவிவிட்டுக் கோணிமேல் சாய்ந்தேன். கொஞ்சம் கண்ணயரலாம் என்று பார்த்தால், பதினான்கு வருஷத்துத் தூக்கமும் ஒன்றாக வந்து மேலே உட்கார்ந்துகொண்டது.

யாரோ ஒருவன் தோளை உலுக்கினான். வேலைக்குப் புதுசாக வந்தவன். என்னை அவனுக்குத் தெரியாது.

“எய்ந்திரு நைனா, மணி மூணாவுது. வார்ஃபுல எந்தக் கப்பல் நிக்குது?”

என் கிரேனில் இருந்த நாளில் கப்பலின் பெயர், கொடி, உள்ளே என்ன சரக்கு, எத்தனை நாள் நிற்கும் எல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். கண்ணைக் கசக்கிக்கொண்டு ஷெட்டின் தகரக் கூரையைப் பார்த்தேன். அங்கிருந்து கடல் தெரியவில்லை.

“தெர்லபா” என்றேன்.