சிவப்பு வயர், பச்சை வயர்

செம்பூரில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் காத்திருந்தேன். ஈயம் உருகிப் பிசின் புகை எழுந்தது. அந்த வாசனையில் மாட்டுங்கா ரயில்வே குவார்ட்டர்ஸ் நினைவுக்கு வந்துவிட்டது.

அறுபதுகளில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அத்திம்பேர் லோக்கல் ரயிலில் மோட்டார்மேன். பகலெல்லாம் ரயில் ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்தும் ரயில் ஓட்டுவார். சோர் பஜாரில் வாங்கிய பழைய பொம்மை ரயில், மின்சாரத்தில் ஓடுவது. குழந்தைகளுக்கு என்று கடைக்காரனிடம் சொன்னாராம். வீட்டில் குழந்தை கிடையாது.

கோடிக்குப் போன வண்டியைக் கையால் தூக்கித் திருப்புவது அவருக்குக் கௌரவக் குறைவு. தண்டவாளத்தை வட்டமாக வளைத்து, போன பாதையிலேயே திரும்பிவரச் செய்தார். அப்படி வளைத்தால் மின்சாரம் ஓடும் இடது தண்டவாளம் வலதோடு சேர்ந்து ஷார்ட் ஆகிவிடும். அதனால் வளைவின் இரு முனையிலும் ரம்பத்தால் அறுத்து இடைவெளி விட்டார். வளைவுக்குத் தனியாகச் சிவப்பு, பச்சை வயர்களை ஈயம் உருக்கிப் பற்றவைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவிட்சைப் போட்டார். வண்டி நகரவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் முனகிச் சூடாயிற்று.

நான் அப்போது ஒரு பத்திரிகையில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். தண்டவாளம் பதித்த பலகைக்கு அடியில் குனிந்தேன்.

"அத்திம்பேர், பச்சையோட சிவப்பைச் சேர்த்திருக்கேள்."

"ரெண்டும் பச்சைதானேடா?"

சிரித்தேன், கேலி என்று நினைத்து. அவர் இரண்டு வயரையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடம் மாற்றிப் பிடித்தார்.

"இது என்ன?"

"சிவப்பு."

"அது?"

"பச்சை."

அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "வயர்தானே, விடுங்கோ. சிக்னல்ல எது மேலே, எது கீழேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ராத்திரியில மேலே கீழே தெரியாதுடி. விளக்கு மட்டுந்தான் தெரியும்."

"யாரும் பாக்கலியே."

"நான் பாத்துட்டேனே" என்றார் அத்திம்பேர்.

யாரும் அழவில்லை. சாப்பிட்டோம். மறுநாள் அவரே போய்ச் சொல்லிவிட்டார். ரயில்வே டாக்டர் பரிசோதித்து, இனி வண்டி கூடாது என்றார். வேலையில் சேரும்போது நடந்த கண் பரிசோதனையில் எப்படித் தப்பியது என்று அவருக்கும் புரியவில்லை. பார்சல் ஆபீசில் நாற்காலி கொடுத்தார்கள். தண்டவாளத்தைக் கழற்றியது எப்போது என்று எனக்கு நினைவில்லை.

இன்று அந்த குவார்ட்டர்ஸ் இல்லை; அவர்களும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் முதலில் காணாமல் போனவை நிறங்களின் பெயர்கள். மிளகாய் வாங்கி வரச் சொன்னால் "காய்ஞ்சது" என்பாள் அக்கா, இல்லையென்றால் "காயாதது". அந்த தீபாவளிக்குத் தனக்கு எடுத்த புடவையை அவர் முன்னால் பிரித்துக் காட்டினாள்.

"சாயம் போகாதாம்" என்றாள்.