கண்ணாடி அலமாரியில் ஒரு பூமி

வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் அந்த மனுஷனைத் தெருவில் 'டச்சப்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் இருக்கிறபடி விட்டுவைக்க அவருக்குக் கை வராது. அடுத்த வீட்டுக் கேட்டில் ஒரு கீறலைப் பார்த்தால்கூடப் போதும், கேட்காமலே போய்ப் பூசிவிட்டு வருவார். நிறம் பொருந்தாவிட்டால் திட்டும் வாங்குவார்.

பட்டறை வாசலில் ஒரு புங்கமரம் நின்றது. மதியச் சாப்பாடு கொண்டுவரும் மனைவி, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். பூக்கும் காலத்தில் மரம் பூவாகக் கொட்டும். ஒருநாள் ஈரம் காயாத கறுப்புக் கார் ஒன்றின்மேல் கொட்டித் தொலைத்தது. ஊசியால் ஒவ்வொரு பூவாக எடுத்தும் தடம் போகவில்லை. மறுநாளே ஆள் வைத்து மரத்தை வேரோடு எடுத்துவிட்டார். வீட்டில் மூச்சுவிடவில்லை.

சாப்பாட்டோடு வந்தவள் வெயிலில் நின்று பார்த்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். வெட்டிப்போட்ட கிளைகளிலிருந்து முற்றிய காய்களைப் பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொண்டு போனவள், பத்து நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பதினோராம் நாள் தட்டுக்குப் பக்கத்தில் ஓர் உருண்டையை வைத்தாள். களிமண்ணில் பிடித்து நிழலில் உலர்த்தியது. மேலே பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வாட்டர் கலரால் நீலக் கடல், பச்சை நிலம். கண்டங்கள் பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

"உள்ள நம்ம மரத்து விதை இருக்குங்க. மரம் நின்ன எடத்துல போட்டுடுங்க. மழைக்குக் கரைஞ்சு தானா முளைச்சிடும். பூமிக்கு நம்மால ஆனது."

டச்சப் அதை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார். கோபம் தீர்ந்து செய்துகொடுத்திருக்கிறாள். இதைப் போய்ச் சேற்றில் போடுவதா? தொட்டால் நிறம் விரலில் ஒட்டியது வேறு அவருக்குப் பொறுக்கவில்லை. உருண்டையை ஒரு கம்பியில் நிறுத்தி, கார்களுக்குக் கடைசியாக அடிக்கும் கிளியர் கோட்டிங்கை மூன்று முறை அடித்தார். பட்டறையின் கண்ணாடி அலமாரியில் வைத்து, "எங்க வீட்டம்மா கைவேலை" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார்.

அவளும் பார்த்தாள். "மண்ணுல போடச் சொன்னேனே."

"மண்ணுல போடுற பொருளாம்மா இது? நூறு வருஷம் ஆனாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது பாரு."

அதன்பிறகு அவள் அதைப்பற்றிக் கேட்கவே இல்லை. பூரித்துப்போய் வாயடைத்துவிட்டாள் என்று மனுஷன் நினைத்துக்கொண்டார்.

ஏழு வருஷம் போனது. தூக்குவாளியை வாசலில் வைத்த கையோடு அவள் திரும்பிவிடுவாள். வீட்டில் வேலை இருக்கும் என்று அவரும் தனியாகவே சாப்பிட்டுப் பழகிவிட்டார். இந்தக் கோடையில் ஒருநாள் வாசலிலேயே தலைசுற்றிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். ஓடிப்போய் உள்ளே கூட்டிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். தகரக் கூரைக்குக் கீழே அனல் அடித்தது.

"கொஞ்ச நேரம் உக்காந்துட்டுத்தான் போயேன்."

"எங்க உக்காரட்டும்? எடம் இல்லாமத்தானே இத்தன வருஷமா வச்சிட்டு வச்சிட்டுப் போறேன். உங்களுக்கு அது தெரியலையா?"

தெரியவில்லை. சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே அலமாரியைத் திறந்து, மரம் நின்ற இடத்தில் உருண்டையை வைத்துச் சுத்தியலால் அடித்தார். முதல் அடிக்கு அது மசியவில்லை. உள்ளே விதைகள் சுருங்கிக் கிடந்தன. ஒன்றை நசுக்கிப் பார்த்தார், பொடிப்பொடியாகப் போனது. மற்றவற்றைப் புதைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். நாற்பது நாள் ஆயிற்று. ஒரு புல்கூட முளைக்கவில்லை. தூக்குவாளியை வைக்க வந்தவள் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "விடுங்க. செத்த விதை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் மழை வந்தபோது அவர் அங்கே போய்க் குந்தி உட்கார்ந்தார். உடைத்த சில்லுகள் சுற்றிக் கிடந்தன. விழுந்த தண்ணீர் அவற்றின்மேல் முத்து முத்தாக நின்று வழிந்து ஓடியது. நீலம் நீலமாகவே இருந்தது, பச்சை பச்சையாகவே இருந்தது. ஒரு பொட்டு நிறம் கரையவில்லை. டச்சப் மழையில் உட்கார்ந்து அழுதார். வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக அவர் எதற்கும் பெயின்ட் அடித்ததில்லை.