மச்சான்ட நெஞ்சில எங்கட புள்ள

எனக்கு மூத்தவ, ராத்தாட புள்ள எடை குறைஞ்சி பொறந்திச்சி. தோலோட தோல் பட நெஞ்சில வெச்சிக்கிட்டா சூடு கிடைக்கும், எடை ஏறும் எண்டு வீடியோ தேடித் தேடிப் பாத்தது ஆரு? நான்!

ராத்தாட மாப்பிள்ளை, மச்சானுக்குப் படிச்சிக் குடுத்ததும் நான்தான். இப்ப ராத்தா எறக்கினா மச்சான் தூக்குறாரு. எனக்கு முறையே வருதில்ல.

இண்டைக்கு மிட்வைஃப் மிஸ் ஊட்டுக்கு வந்து நிறுத்துப் பாத்தா. எடை நல்லா கூடிரிக்கி, அல்ஹம்துலில்லாஹ்!

"வாப்பாட நெஞ்சு நல்லா வேல செய்யிது" எண்டா. நான் உடாம கேட்டன்.

"மிஸ், புள்ளட சாச்சி, நான் வெச்சிக்கேலாதா?"

"ஏன் ஏலா? தடிமன், இருமல் இல்லாட்டி குளிச்சிட்டு வெச்சிக்கலாம்."

மச்சான் ஜும்ஆ தொழப் போனதும் ரூம் கதவச் சாத்திட்டு, சட்டைக்குள்ள புள்ளய நெஞ்சோட வெச்சன். புள்ள அப்பிடியே நித்திர!

தொழுதிட்டு றோட்டுல நிண்டு ஒரு மணித்தியாலம் கதைக்கிற மனிசன், இண்டைக்குப் பறந்து வந்து கதவத் தட்டுறாரு.

"மச்சி, புள்ளயத் தா!"

நான் இப்பிடி இரிக்கக்குள்ள மச்சான் உள்ளுக்கு வரேலாதே! ராத்தா குசினிக்குள்ள உழுந்து உழுந்து சிரிக்கா.

ஒத்தக் கையால டைப் பண்றன். புள்ளயக் குடுக்கவா, வேணாமா? அவசரமில்ல, ஆறுதலா யோசிச்சிச் சொல்லுங்க.