மெத்தைக் கடை மாடியில் ஓர் அலறல்

போன வருஷம், தீபாவளி முறுக்கு டின்னில் தீர்வதற்குள், ஈப்போ மருத்துவமனை ஒன்றில் என் தொண்டையில் கத்தி வைத்தார்கள். குரல் நாணில் ஒரு சின்னக் கட்டி. அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, "ரெண்டு வாரம் வாயத் திறக்கக் கூடாது, கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது" என்றார் டாக்டர்.

வார நாளில் ஜெலாப்பாங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் நான். சனி ஞாயிறுகளில் கல்யாண மேடையில் மைக்கைப் பிடித்து, மாப்பிள்ளையே பெண்ணை விட்டுவிட்டு ஓடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு அறுக்கிறவன். என் வாயை மூட வைத்த டாக்டருக்கு எங்கள் தாமான் குடியிருப்பே சேர்ந்து பழக்கூடை அனுப்பியிருக்கும். விலாசம்தான் தெரியவில்லை.

பேசுவதற்குக் கைப்பேசிதான். அதில் தட்டினால் ஒரு பெண்குரல் படித்துச் சொல்லும். "தண்ணீர் வேண்டும்" என்று அந்தப் பெண்மணி அத்தனை பவ்யமாகக் கேட்பதைப் பார்த்து என் மனைவி, "இந்தப் பொம்பள ஒன்னவிட மரியாதையா பேசுறாள்லா. இவளையே வச்சுக்கலாம்" என்றாள்.

இப்படி இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தோம். பரிசோதனை முடிவு செவ்வாய்க்கிழமை. அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. எனக்காவது பேசக் கூடாது என்ற சாக்கு இருந்தது.

எனக்கு இன்னொரு வியாதியும் உண்டு. தலை நரைத்த வயதிலும் ஸ்க்ரீமோ என்ற ராக் இசை கேட்பேன். கிட்டார் தூறல் மாதிரி மெல்ல ஆரம்பிக்கும். கண்ணை மூடி அதில் மிதந்துகொண்டிருக்கும்போதே ஒருவன் உயிர் போகிற மாதிரி கத்துவான். என்ன கத்துகிறான் என்று புரியாது, ஏன் கத்துகிறான் என்பது எப்படியோ புரிந்துவிடும். எனக்குப் பிடித்த குழு தாப்பாவைச் சேர்ந்த நான்கு பேர். பாடுகிற தம்பி பகலில் கைப்பேசி பழுது பார்க்கிறவர். அவர்களுடைய ரசிகர்கள் மொத்தப் பேரும் இரண்டு பள்ளி வேனில் அடங்கிவிடுவார்கள். பல வருஷம் கழித்து அவர்களின் புதிய தொகுப்பு அந்த வெள்ளிக்கிழமைதான் வந்தது. ஞாயிறு மத்தியானம் ஈப்போவில் வெளியீடு.

அன்று காலை சிலிம் ரிவரில் மனைவியின் தங்கை வீட்டிலிருந்து பழைய சாலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். மனைவிதான் ஓட்டினாள். என்னிடம் கொடுத்தால் ஹாரன் அடித்தே பேசித் தீர்த்துவிடுவேன் என்று பயம். நான் கைப்பேசியைக் காரில் மாட்டிப் புதிய பாட்டுகளைப் போட்டேன்.

மழை விட்டிருந்தது. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடமெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. நடுவில் எங்கோ வெட்ட மறந்த நாலைந்து ரப்பர் மரங்கள் பனியில் நின்றன. கிட்டார் ஒலி அந்தப் பனியிலிருந்துதான் வருகிறதோ என்றிருந்தது. கார் ஓடுகிறதா, நாங்கள் நின்றுகொண்டிருக்க மரங்கள்தான் நழுவிப் போகின்றனவா என்றே தெரியவில்லை. கடைசிப் பாட்டின் முடிவில் எல்லாக் கருவிகளும் சட்டென்று நின்றன. டிரம் மட்டும் நாலு தட்டு. பாட்டு இல்லை, கத்தல் இல்லை. கேட்கிறவர்கள் கத்துவதற்கென்றே விட்ட இடம். என் தொண்டை தானாக விம்மியது. வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த நாலு தட்டிலும் ஈரச் சாலையில் டயர் ஓடும் சத்தம்தான் கேட்டது.

வழக்கமாக இரண்டாவது பாட்டிலேயே, "கிலாவாடா, பைத்தியமா ஒனக்கு? ஆடு அறுக்குற மாதிரி இருக்கு, நிப்பாட்டு" என்பாள். அன்று முழுவதையும் கேட்டாள். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

வெளியீடு ஒரு மெத்தைக் கடையின் மாடியில். ஏறத்தாழ நாற்பது பேர், எல்லாரும் கறுப்புச் சட்டை. நடுவில் மஞ்சள் பஞ்சாபி சூட்டும் காதில் பஞ்சுமாக என் மனைவி. மூக்கில் வளையம் போட்ட ஒரு பையன் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து, "டுடோக், ஆன்ட்டி" என்று உட்காரச் சொன்னான்.

"யாருக்குலா ஆன்ட்டி?" என்று என்னை முறைத்துவிட்டு, அவனிடம் சிரித்தபடி உட்கார்ந்தாள்.

கேசட் ஒன்று வாங்கிக்கொண்டேன். வீட்டில் அதைப் போட்டுக் கேட்க ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம். பாட்டு தொடங்கியது. நான் உதட்டை மட்டும் அசைத்தேன், மீன் தொட்டியிலிருந்து தப்பி வந்தவன் மாதிரி. ஜன்னலுக்கு அப்பால் சுண்ணாம்பு மலைகள் மேகத்தில் பாதி கரைந்திருந்தன. தரை அதிர்ந்தது. கீழே அத்தனை மெத்தைகளும் எங்களோடு சேர்ந்து மூச்சு விடுவதாகத் தோன்றியது. செவ்வாய்க்கிழமையை நான் சுத்தமாக மறந்திருந்தேன்.

கடைசிப் பாட்டில் பாடகர் கூட்டத்துக்குள் இறங்கினார். இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் அது வழக்கம், மைக்கை யாராவது ஒரு ரசிகரின் வாயருகே நீட்டுவார்கள். இத்தனை வருஷமாக எனக்கு நடக்காததா அன்று நடக்கும்? நடந்தது. கருவிகள் நின்றன. டிரம்மின் முதல் தட்டு. மைக் என் முகத்துக்கு நேரே.

"அண்ணே, கத்துங்கண்ணே!"

சத்தியமாகச் சொல்கிறேன், டாக்டர் நினைவுக்கே வரவில்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டேன். வாயும் திறந்துவிட்டது.

அப்போது ஒரு கை என் வாயை அழுத்தி மூடியது. இன்னொரு கை மைக்கைப் பிடுங்கியது. என் மனைவி கத்தினாள்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்ததில்லை. அடி வயிற்றிலிருந்து வந்து, நடுவில் கிழிந்து, டிரம்மின் நாலு தட்டையும் தாண்டிப் போனது. என்ன வார்த்தை என்று அங்கிருந்த யாருக்கும் புரிந்திருக்காது. ஸ்க்ரீமோவில் அது ஒரு குறையே இல்லை. எனக்குப் புரிந்தது.

"விட்டுட்டுப் போயிறாதடா!"

கூரை பிய்ந்துவிடும் போல் ஆரவாரம். மூக்கு வளையப் பையன் நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினான். பாடகர் வாய் பிளந்து, "அக்கா, எங்க பேண்டுல சேந்துர்றீங்களா?" என்றார்.

"நீ மொதல்ல வெந்நி குடி தம்பி. இப்படியே கத்துனா ஒனக்கும் கத்தி வைப்பாங்க" என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள்.

காருக்கு வந்தோம். சாவியைப் போட்டவள் வண்டியை எடுக்கவில்லை. காதிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தாள்.

"கத்துனா நல்லாத்தான்லா இருக்கு" என்றாள். அவள் கண்ணைத் துடைப்பதைப் பார்க்காத மாதிரி நான் மலையைப் பார்த்தேன். கைப்பேசியை எடுத்து ஒரே ஒரு சொல்லைத் தட்டி அழுத்தினேன்.

"போகமாட்டேன்," என்றது அந்தப் பெண்குரல், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி.

மனைவி ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன், சத்தமில்லாமல். அந்தச் சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று இருவருக்குமே தெரியாது. முன்கண்ணாடியில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை டாக்டர், கட்டியில் மோசமாக ஒன்றுமில்லை என்றார். குரல் திரும்பிவிட்டது, பழைய லாரி கியர் மாற்றுகிற தொனியில். கல்யாண வீடுகளில் மறுபடியும் அறுக்கிறேன். அந்தத் தொகுப்பையும் காரில் போடுகிறேன். இரண்டாவது பாட்டிலேயே "நிப்பாட்டுலா" என்ற திட்டும் பழையபடி வருகிறது, நானும் பழையபடி காதில் வாங்குவதில்லை. இப்போது கத்த எனக்குத் தடையில்லை, ஆனாலும் அந்த நாலு தட்டு வரும்போது வாயை மூடிக்கொள்கிறேன். அந்த இடத்தை அவள் ஏற்கெனவே நிரப்பிவிட்டாள், அதற்கு மேல் கத்த என்னிடம் எதுவுமில்லை.