தீபத்தைப் பெருசு பண்ணு

என் வீட்டுக்காரருக்கு மைசூர் அக்ரஹாரத்தில் பேட்டரிக் கடை. ஊருக்கெல்லாம் பேட்டரி விற்கிற மனுஷன், சொந்த ட்ரெய்லருக்கு மட்டும் ஒரே ஒரு பேட்டரி வைத்தார். இன்னொன்று வையுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. தொண்ணூறுகளின் கடைசி அது. ஏதோ சர்வே கேம்ப்பில் கழித்துப் போட்ட ட்ரெய்லரை வாங்கி, உள்ளே பலகைக் கட்டில் அடித்து, ஜீப்புக்குப் பின்னால் மாட்டி, "இனிமே லாட்ஜுக்கு அலைய வேண்டாம்" என்றார். முதல் பயணம் மேல்கோட்டைத் திருவிழாவுக்கு. மலைக்குக் கீழே ஒரு பொட்டல் மைதானத்தில் தங்கினோம். அங்கே கரண்ட் கிடையாது.

நான் வரமாட்டேன் என்றுதான் அடம்பிடித்தேன். காரணம் எங்கள் மகள். நாலு வயசு, இழுப்பு நோய். கொஞ்சம் பனி பட்டால் போதும், மூச்சு விடுகிற சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். டாக்டர் சொல்லி நெபுலைசர் மெஷின் வாங்கியிருந்தோம். மருந்தைப் புகையாக்கி மாஸ்க் வழியாக அனுப்பும். வீட்டில் பிளக்கில் சொருகினால் ஓடும். ட்ரெய்லரில் அந்த ஒற்றை பேட்டரியும் இவர் கையால் செய்த இன்வெர்ட்டரும்தான் கதி.

"மெஷின் ரெண்டு தடவ தாராளமா ஓடும். ஒரு லைட்டுக்கு மேல போடாத. படுக்கறப்ப அதையும் அணைச்சுரு" என்றார். அந்த "தாராளமா"வை நான் நம்பவில்லை. சாயங்காலமே குழந்தைக்கு லேசாக இழுத்தது. ஒரு தடவை மெஷின் போட்டாயிற்று. மிச்சம் ஒரு தடவை.

அதன் பிறகு பார்த்து இவருக்கு நினைவு வந்தது: யாரோ ஒருத்தருக்குக் கல்யாண மண்டபத்தில் பேட்டரி மாட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாராம். "விடியறதுக்குள்ள வந்துருவேன்" என்று ஜீப்பைக் கழற்றிக்கொண்டு மைசூருக்குக் கிளம்பிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பக்கத்தில் மாமியார் நின்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மாமியார் கொள்ளேகாலில் மூத்த மகன் வீட்டில் இருந்தார். வருஷத்தில் ஒரு தடவை எங்களிடம் வருவார்; அந்தத் தடவை திருவிழாவுக்கும் கூட வந்திருந்தார். நான் சேலத்துக்காரி. அவர் தமிழில் பாதி கன்னடம் கலந்திருக்கும். பாதி புரியாமலே "சரிங்க அத்தை" என்று சொல்லிப் பழகியிருந்தேன். அவரும் என்னிடம் அளந்துதான் பேசுவார்.

சாப்பிட்டுப் படுக்கும்போது ஒரு லைட் எரிந்துகொண்டிருந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "அம்மிணி, தீபத்தப் பெருசு பண்ணிட்டுப் படு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகன் அந்த ஒரு லைட்டையும் அணைக்கச் சொல்கிறார், அம்மா பெருசு பண்ணச் சொல்கிறார். புது இடம், இருட்டில் பயப்படுகிறார் போலும் என்று நினைத்தேன். எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. இரண்டாவது லைட்டையும் போட்டேன். அத்தை கண்ணைத் திறந்து லைட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அணைத்துவிடலாமா என்று நாலு தடவை கை போனது. போட்டதை அணைத்தால் மாமியாரை அவமதித்ததாகிவிடுமே என்று அப்படியே படுத்துத் தூங்கியும் போனேன். பாவி.

விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது. வெளியே பனி. இரண்டு பல்பும் தணல் மாதிரி செக்கச் செவேலென்று மங்கிக் கிடந்தன. குழந்தை உட்கார்ந்திருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. அழக்கூட மூச்சு இல்லை. மருந்தை ஊற்றி மாஸ்க்கைப் பிடித்து மெஷினைத் தட்டினேன். ஒரு உறுமல், அவ்வளவுதான். நின்றுவிட்டது. லைட்டுகளை அணைத்துவிட்டுத் திரும்பவும் தட்டினேன். சத்தமே இல்லை. ஐயோ சாமி, என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேனே என்று கத்தினேன்.

அத்தை குழந்தையை வாங்கி நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். நான் ஓடினேன். சற்றுத் தள்ளி ஒரு ட்ராக்டர், அதன் ட்ரெய்லரில் ஒரு குடும்பம் படுத்திருந்தது. ட்ராக்டர்க்காரரை உலுக்கி, "அண்ணா, மகு, உசிரு, பேட்டரி" என்று, குழந்தைக்கும் மூச்சுக்கும் எனக்குத் தெரிந்த கன்னட வார்த்தைகளைக் கொட்டினேன். அந்த மனுஷன் ஒரு கேள்வி கேட்கவில்லை. துண்டை உதறிக்கொண்டு ஏறி ஸ்டார்ட் பண்ணி, எங்கள் ட்ரெய்லரை இடிக்கிற மாதிரி கொண்டுவந்து நிறுத்தினார்.

இவருடைய டூல் பெட்டியில் கனத்த ஒயர் இருந்தது. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று கடையில் ஆயிரம் தடவை பார்த்ததுதான். ஆனால் கிளிப் வழுக்கி வழுக்கி விழுந்தது. ட்ராக்டர்க்காரர்தான் பிடித்து மாட்டினார். மெஷின் உறுமி ஓடியது. மாஸ்க்கில் புகை வந்தது. பத்து நிமிஷம் போல ஆனதும் தோள் ஏறுவது குறைந்தது.

அப்போதுதான் அத்தை கேட்டார். "ஏன் அம்மிணி, ரெண்டு லைட்டும் போட்டுப் படுத்த?"

"நீங்கதானே அத்தை பெருசு பண்ணச் சொன்னீங்க?"

அவர் முகம் வெளிறிவிட்டது. விளக்கை அணை என்று வாயால் சொல்வது அபசகுனமாம். கன்னடத்தில் "தீபத்தைப் பெரிதாக்கு" என்றால் அணைத்துவிடு என்றுதான் அர்த்தமாம். அதை அப்படியே தமிழில் சொல்லியிருக்கிறார். "நீ ரெண்டாவதயும் போட்டயா, சரி, இருட்டுக்குப் பயப்படறயாக்கும், எதுக்கு மனச நோகடிக்கோணும்னு பேசாம இருந்துட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு பேரும் மரியாதை பார்த்தே பிள்ளையைத் தவிக்கவிட்டிருக்கிறோம்.

வீட்டுக்காரர் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. ட்ராக்டரையும் ஒயரையும் பார்த்து, "யாரு பேட்டரிய இப்படிக் காலி பண்ணுனது?" என்றார்.

"நான்தான்" என்றேன். "ராத்திரி பூரா ரெண்டு லைட்டும் எரிஞ்சுது. நீங்க எங்க போனீங்க? எவன் கல்யாணத்துக்கோ வெளிச்சம் குடுக்கப் போனீங்களே, பெத்த பிள்ளைக்கு மூச்சு யாருங்க குடுக்கறது?"

அவர் அம்மா எதிரில் அப்படி நான் பேசியதே இல்லை.

"நல்லாக் கேளு அம்மிணி" என்றார் அத்தை.

குழந்தை மாஸ்க்குக்குள் இருமினாள். மூன்று பேரும் பேச்சை விட்டுவிட்டு அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றோம்.