நூற்று எண்பது நாள்

வளைகுடாவில் வளரும் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு தெரிவதற்கு முன்பே ஒரு கணக்கு தெரிந்துவிடும். நாட்டை விட்டு வெளியே போனால் நூற்று எண்பது நாளுக்குள் திரும்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் குடியிருப்பு விசா போய்விடும். வெளிநாட்டில் படிப்பவர்கள் இடையில் ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார்கள். ‘விசாவைத் தொட்டுட்டுப் போறது’ என்று எங்கள் வீட்டில் அதற்குப் பெயர்.

நான் துபாயில் பிறந்தவள். கட்டடக்கலைப் படிப்பில் ஒரு வருடத்துக்கு மெக்சிகோவில் உள்ள குவானஹுவாட்டோவைத் தேர்ந்தெடுத்தபோது, அப்பா வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதுக்கு மேல தூரமா உலகத்துல எடமே இல்லியா பாப்பா?” என்றார். அவர் அல் கூஸில் ஏசி குழாய் செய்யும் பட்டறையில் சூப்பர்வைசர். ஊரையே கேலி செய்வார், விசா விஷயத்தில் மட்டும் விளையாட மாட்டார். நான் விமானம் ஏறிய நாளிலிருந்து வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு எண் வரும். ‘12’. ‘47’. வேறு ஒரு வார்த்தை இருக்காது. பிப்ரவரியில் நாலு நாள் வந்து போக வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

குவானஹுவாட்டோ பழைய வெள்ளிச் சுரங்க ஊர். முன்பு ஆறு ஓடிய பாதையில் இப்போது பூமிக்கு அடியில் பஸ் ஓடுகிறது. நாங்கள் அங்கே ஒரு பழைய வீட்டை அளந்து வரைந்தோம். வீட்டுக்காரர் சுவரில் இருந்த ஒவ்வொரு ஆணியையும் காட்டி, அதில் யாருடைய படம் மாட்டியிருந்தது என்று சொன்னார். எங்கள் வாடகை வீட்டில் இருபது வருடமாக ஒரு ஆணி அடித்ததில்லை. காலண்டர்கூட செல்லோ டேப்பில்தான் தொங்கியது.

ஜனவரியில் ஒருநாள் ‘151’ வந்தது. அதற்குப் பிறகு எண் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதே உண்மை. போன் செய்தேன்.

“ப்பா, பிப்ரவரில இங்க சர்வே இருக்கு. கண்டிப்பா வரணுமா?”

“வேணாம் பாப்பா. இந்த வாட்டி பரவால்ல. நீ படிப்பப் பாரு.”

விசாவுக்காக ஊர் லீவையே பாதியில் முறித்துக்கொண்டு ஓடிவந்த மனிதர் இப்படிச் சொன்னால், அரைகுறை அறிவு உள்ளவளுக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. போனை வைத்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு நண்பர்களோடு சாப்பிடப் போனேன். அந்தக் கட்டைவிரலுக்காக இன்னமும் என் மேல் எனக்கு ஆத்திரம்.

ஜூனில் அப்பா அனுப்பிய டிக்கெட்டில் துபாய் இல்லை, திருச்சி இருந்தது. போனை எடுத்த அம்மாதான் உடைத்துச் சொன்னாள். “ஜனவரிலயே கம்பெனிய மூடி, எல்லாம் முடிஞ்சுது, கலாஸ்னுட்டாங்கடி. எல்லார் விசாவும் கேன்சல். வீட்டக் காலி பண்ணி வந்து நாலு மாசமாச்சு.” என் கட்டிலை யாரிடமோ கொடுத்துவிட்டிருந்தார்கள்.

திருச்சிக்கு வந்ததும் அப்பாவிடம் சண்டை போட்டேன். “சொல்லிருந்தா ஒருவாட்டி வந்து பாத்திருப்பேன்லப்பா?”

“வந்து? நாலு நாளும் நாங்க பெட்டி கட்டுறதப் பாத்துட்டுப் போயிருப்ப. உன் மனசுல அது வீடாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அவர் செய்தது சரி என்று இன்றுவரை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

போன வருடம் ஒரு நேர்முகத் தேர்வுக்காக விசிட் விசாவில் துபாய் போனேன். அதிகாரி எத்தனை நாள் என்று கேட்டார். நாலு என்றேன். வெளியே வந்ததும், பழைய பழக்கத்தில், பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். எங்கள் கட்டடத்தின் கீழே போய் நின்றபோது பால்கனியில் வேறு யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது. அப்போது போன் அதிர்ந்தது. அப்பாதான்.

‘1’.

மறுநாள் ‘2’ வந்தது. அதற்கு மறுநாள் ‘3’. வேலை கிடைக்கவில்லை. ‘4’ வந்தபோது நான் விமான நிலைய வரிசையில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.