என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர்

மலேசியாவில், கிள்ளானில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மூச்சு நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர் மீட்பது எப்படி என்று அங்கே முதலுதவி வகுப்பில் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

ஒருநாள் எனக்குப் பழக்கமில்லாத ஒரு மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா ஐஸ்பெட்டியைத் திறந்ததும் மின்சாரம் தாக்கி விழுந்துவிட்டார். கல்லாவுக்கு மேலிருந்த மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அவரிடம் ஓடினேன். மூச்சும் இல்லை, நாடியும் இல்லை. கழுத்துச் சங்கிலியை விலக்கிவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினேன்.

உள்ளேயிருந்து அவர் கணவர் ஓடிவந்தார். "ஏய் பொண்ணு, யாரு நீ? என் சம்சாரம் சங்கிலியில ஏன் கை வைக்கிற?" என்று என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"கரண்டு அடிச்சு ஆன்டிக்கு மூச்சு நின்னு போச்சு, அங்கிள். விடுங்க!"

"நீ என்ன டாக்டரா?"

வாதாட நேரமில்லை. சங்கிலியைக் கழற்றி அவர் கையில் திணித்தேன். "இத வெச்சுக்குங்க. பக்கத்துலயே இருந்து என் கையப் பாருங்க. யாரையாச்சும் அம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொல்லுங்க லா!"

அழுத்தினேன், இடையிடையே வாயில் வாய் வைத்து ஊதினேன். அவர் என் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. மனைவி இருமி மூச்சை இழுத்தபோதுதான் அழுதார்.

விலா எலும்பில் விரிசல் என்று மருத்துவமனையில் சொன்னதும் மறுபடியும் என்னை முறைத்தார். "சரியா அழுத்தினாலும் சில சமயம் அப்படி ஆகும். அழுத்துனதாலதான் பொழைச்சாங்க," என்றார் டாக்டர்.

இப்போதெல்லாம், மயங்கி விழுந்த யாரையும் தொடுவதற்கு முன், செய்யப்போவதைச் சத்தமாகச் சொல்லிச் சொந்தக்காரரை அருகில் கூப்பிடுகிறேன். சந்தேகப்படுகிறவர் படட்டும்; அதற்காக என் கை நிற்கக்கூடாது.